கரண்டு வந்தால்தானே அணைக்க முடியும்?

மஞ்சணத்திப்பட்டி மேலத்தெருவில் அறிவில்லாதவர்கள் என்று யாரும் கிடையாது. அறிவை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வெளியே போகிற குடும்பம் மட்டும் ஒன்று உண்டு. நான் சொல்லப்போகிற நாளில் அவர்கள் வெளியே எங்கும் போகவில்லை, வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால் எங்கே வைத்தோம் என்பது மறந்துபோயிற்று.

அந்த வீட்டுக்காரி செண்பகவடிவு. கவலைப்படுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மழை பெய்தால் துணி காயாதே என்று கவலை. வெயில் அடித்தால் துணி வெளுத்துப்போகுமே என்று கவலை. மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் இருந்தால், இன்றைக்கு எதற்கு என்று கவலைப்படுவது என்றே பிடிபடவில்லையே என்று அதற்கொரு கவலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அவள் புருஷன் ஆவுடையப்பனும் கொழுந்தன் குற்றாலமும் பத்தாவது வரை போய்த் தோற்றவர்கள். ஆகவே வீட்டிலேயே குறைவாகத் தோற்றவள் தான்தான் என்று அவளுக்குள் ஒரு பெருமை இருந்தது.

மறுநாள் காலையில் விருந்து. ஆவுடையப்பனின் தங்கை பூரணம், புதுசாகக் கல்யாணமான தன் மகளையும் மருமகனையும் தாய்மாமன் வீட்டு விருந்துக்குக் கூட்டிக்கொண்டு வருகிறாள். கல்யாண வீட்டில் சம்பந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போதே பூரணம் சொல்லியிருந்தாள்: "எங்க அண்ணன் வீட்டு விருந்துக்குப் போறதா இருந்தா, வயிறு நிறைய சாப்பிட்டுட்டுப் போங்க." கூட்டம் முழுக்கச் சிரித்தது. செண்பகவடிவும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் அது தன்னைப் பற்றி என்று விளங்கியது. "வந்து பாரு பூரணம், பூப்போல இட்லி போடுதேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அதனால் அன்று விடிந்ததும் விடியாததுமாக அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டாள். கிரைண்டர் ஓடுகிறதா என்று பார்க்கச் சுவிட்சைப் போட்டுத் தொட்டியில் கை வைத்தாள். சுள்ளென்று கரண்டு அடித்தது. "ஏங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு 'ஏங்க'கூட எழுந்து வந்தார்.

ஆவுடையப்பன் சுவிட்சை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். கிரைண்டருக்குள் வயர் நுழைகிற இடத்தில் எலி கடித்திருந்தது. உள்ளேயிருந்து செம்புக் கம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு வயருதானே? நானே மாத்திப்புடுவேன்" என்றார் ஆவுடையப்பன். அரிசி மண்டியில் எடை போடுகிறவர் அவர். எதையும் தூக்கிப் பார்த்தே முடிவு செய்துவிடுவார்.

அதைக் கேட்டதும் செண்பகவடிவு ஓடிப்போய்ப் போனை எடுத்தாள். எலக்ட்ரீசியன் தாவீதுக்குப் போன் போட்டாள். அவன் தூத்துக்குடியில் அக்கா மகள் கல்யாணத்தில் இருந்தான்.

"நான் நாளை மறுநாள்தான் வருவேன், அத்தை. அதுவரைக்கும் தொடாம இருங்க."

"உங்க மாமா தொடணும்னு நிக்காரே."

தாவீது தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனிலேயே கேட்டது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். முதலில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் மெயினை அணையுங்கள். அப்புறம் மறுபடியும் டெஸ்டரை வைத்து, எரியவில்லையா என்று பாருங்கள். கை காய்ந்திருக்கவேண்டும். காலில் ரப்பர் செருப்பு. காய்ந்த பலகை மேல் நில்லுங்கள். தனியாகச் செய்யாதீர்கள். யாரையாவது கரண்டு பிடித்துவிட்டால் கையால் தொடாமல் காய்ந்த கம்பால் தள்ளிவிடுங்கள்.

செண்பகவடிவு ஒவ்வொன்றுக்கும் முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். போனை வைத்தபோது முந்தானை முழங்கைக்கு ஏறியிருந்தது.

"ஒண்ணு விடாம எல்லாத்தையும் செய்யணும். ஒண்ணு கொறஞ்சாலும் நான் விதவை" என்றாள்.

"நான் செத்தாத்தானே நீ விதவை? அப்ப நான்தானே கவலைப்படணும்?" என்றார் ஆவுடையப்பன்.

"உங்களுக்குக் கவலைப்படத் தெரியாதுங்க. அதையும் நான்தான் பாக்கணும்."

டெய்லர் கடையில் பட்டன் தைக்கும் குற்றாலம் அன்று லீவு போட்டுவிட்டு, கடைக்குப் போய்ப் புது வயரும் டெஸ்டரும் வாங்கி வந்தான். வந்ததும் செருப்புப் பிரச்சினை ஆரம்பமாயிற்று. வீட்டில் ரப்பர் செருப்பு ஒரே ஒரு ஜோடிதான். அதுவும் குளியலறையில் கிடந்து சொதசொதவென்று இருந்தது. அதைக் கொல்லையில் கொண்டுபோய், ஓரமாகக் கிடந்த ஆட்டுக்கல்லின் மேல் வெயிலில் சாய்த்துவைத்தார்கள்.

"மூணு பேருக்கு ரெண்டு செருப்பு. எப்படிப் பங்கு வைக்கிறது?" என்றான் குற்றாலம்.

"ஆளுக்கு ஒரு கால்" என்றார் ஆவுடையப்பன்.

"அப்பவும் ஒருத்தருக்கு இல்லையே, அண்ணே."

"அவரு ரெண்டு காலையும் தூக்கிக்கிட வேண்டியதுதான்."

இது நியாயமாகத்தான் பட்டது. காலைத் தூக்கி உட்காரும் வேலை செண்பகவடிவுக்கு வந்தது.

அடுத்த முடிச்சு, கை காய்ந்திருக்கவேண்டும். ஆவுடையப்பன் வேட்டியில் கையைத் துடைத்தார். துடைத்த மாத்திரத்தில் பயத்தில் மறுபடி வியர்த்தது. செண்பகவடிவு கவலையோடு அவர் கையைத் தடவிப் பார்த்தாள். அவள் தடவியதில் இன்னும் கொஞ்சம் வியர்த்தது.

"மதினி, ஈரத்துணிய நாம எப்படிக் காயவைக்கோம்?" என்று கேட்டான் குற்றாலம்.

கொஞ்ச நேரத்தில் ஆவுடையப்பன் கொல்லையில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துணிக்கொடியின் கீழே நின்றார். சட்டைக் கை இரண்டையும் கொடியில் கிளிப் போட்டு மாட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் அவருடைய வேட்டி, மறுபக்கம் செண்பகவடிவின் பாவாடை, நடுவில் அவர்.

பக்கத்து வீட்டுப் பகவதி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். அவள் பூரணத்தோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவள். இந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தால் அந்த நுரை அடங்குவதற்குள் பூரணத்துக்குச் செய்தி போய்விடும்.

"என்ன அண்ணாச்சி, உங்களையே காயப்போட்டிருக்காக?"

"கையைத்தாம்மா. மத்த இடம் சும்மா கூட நிக்கி."

"புழிஞ்சுட்டுப் போட்டிருந்தா சீக்கிரம் காஞ்சிருக்குமே, அக்கா" என்றாள் பகவதி, செண்பகவடிவைப் பார்த்து. செண்பகவடிவு ஒரு கணம் அதையும் யோசித்தாள் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வெயில் ஏற ஏறக் கை காய்வதற்குப் பதில் ஆவுடையப்பனே ஊறிப்போனார். கடைசியில் அவள் கோலமாவை அள்ளி அவர் இரண்டு கையிலும் அப்பிவிட்டாள். கை காய்ந்தது. பார்க்கத்தான் பயமாக இருந்தது.

அடுத்தது பலகை. அந்த வீட்டில் எல்லாம் பிளாஸ்டிக். மரம் என்று இருந்தது பெரிய கட்டில் ஒன்றுதான். கட்டிலை அடுப்படிக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். கதவில் நுழையவில்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். குற்றாலம் கதவின் அந்தப் பக்கமும் ஆவுடையப்பன் இந்தப் பக்கமுமாக மாட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

"கட்டில் கிரைண்டர்கிட்ட போகலைன்னா, கிரைண்டரைக் கட்டில்கிட்ட கூட்டிட்டு வந்தா என்ன?" என்று கேட்டாள் செண்பகவடிவு.

இரண்டு ஆண்களும் அவளை மரியாதையோடு பார்த்தார்கள். எட்டாவதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டதால்தான் இவளுக்கு மூளை தேயாமல் இருக்கிறது என்று ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டார்.

கட்டிலைக் கூடத்தில் போட்டு, மெத்தையை எடுத்துவிட்டு, கிரைண்டரைத் தூக்கிவந்து பலகைக்கு நடுவில் உட்காரவைத்தார்கள். அதன் வயரும் கூடவே வந்தது. தரையில் இழுபட்டால் எலி மறுபடி கடிக்கும் என்று, ஆவுடையப்பன் அதன் ப்ளக்கைத் துண்டு மாதிரித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

மூன்று பேரும் கட்டிலில் ஏறினார்கள். ஆவுடையப்பன் இடது காலில் செருப்பு, குற்றாலம் வலது காலில் செருப்பு, செண்பகவடிவு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு. குற்றாலத்தின் கையில் ஒட்டடைக் கம்பு. கரண்டு பிடித்தால் தள்ளிவிடுகிற பொறுப்பு அவனுடையது.

ஆவுடையப்பன் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். கையிலிருந்த கோலமாவு மூக்கில் ஏறியது. அவர் உடம்பு முழுவதும் ஒரு குலுங்கு குலுங்கி "ஹச்" என்று தும்மினார்.

"பிடிச்சுட்டு! மதினி, அண்ணனைக் கரண்டு பிடிச்சுட்டு!" என்று கத்திக்கொண்டே குற்றாலம் ஒட்டடைக் கம்பால் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினான். ஆவுடையப்பன் கட்டிலிலிருந்து உருண்டு தரையில் விழுந்தார். தலை முழுக்க ஒட்டடை.

"கரண்டு விட்டுட்டா, அண்ணே?"

"தும்மல்டா, ஏல!"

"தும்மலா இருந்தா ஏன் இவ்வளவு தூரம் போய் விழுந்தீங்க?"

ஆவுடையப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி கட்டிலில் ஏறினார். செண்பகவடிவு முந்தானையைத் தடவிப் பார்த்தாள். "ஐயையோ, மொத முடிச்சை விட்டுட்டமே! டெஸ்டர் எரியுதான்னு பாக்கவே இல்லை!"

குற்றாலம் இறங்கிப்போய்ச் சுவரிலிருந்த பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்தான். எரியவில்லை. வேறு பாயிண்டில் வைத்தான். எரியவில்லை. அப்போதுதான் மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மின்விசிறி ஓடவில்லை. அது நின்று எவ்வளவு நேரமாயிற்றோ.

"இன்னைக்கு மாசாந்திரப் பராமரிப்பாம். பொழுது அடையத்தான் கரண்டு வரும்னு அப்பவே மைக்குல சொல்லிட்டுப் போனானே" என்று வாசலிலிருந்து பகவதியின் குரல் வந்தது. சுவருக்கு மேலாகப் பார்த்தது போதாமல் நேரிலேயே வந்துவிட்டாள்.

கட்டிலில் பெரிய ஆலோசனை நடந்தது.

"கரண்டுதான் இல்லையே. வயரை மாத்திப்புடுவோமா?" என்றார் ஆவுடையப்பன்.

"எப்படிங்க மாத்துறது? டெஸ்டர் எரியணும், அப்புறம் மெயினை அணைக்கணும், அப்புறம் எரியக் கூடாது. மொதல்ல எரியவே இல்லையே."

"கரண்டு இல்லாததாலதானே எரியலை?"

"கரண்டு இல்லாததாலயா, டெஸ்டர் கெட்டுப்போனதாலயான்னு யாரு கண்டா?" என்றாள் செண்பகவடிவு. அவள் கேட்டது ஒன்றும் தப்பில்லை. அந்த வீட்டில் சரியான கேள்விகளுக்குப் பஞ்சமே கிடையாது.

குற்றாலம் தொண்டையைச் செருமினான். "அண்ணே, எரியுற அடுப்பைத்தான் அணைக்க முடியும். பத்தவைக்காத அடுப்பை அணைச்சுட்டேன்னு சொன்னா ஊரு சிரிக்கும்."

"ஊரு சிரிக்கும்படியா நாம எதுவும் செய்யக் கூடாது" என்றார் ஆவுடையப்பன், தலையிலிருந்த ஒட்டடையை எடுத்தபடி.

"அப்ப என்ன செய்ய?"

"கரண்டு வரட்டும். வந்த உடனே அணைச்சுட்டு வேலையை ஆரம்பிப்போம்."

பகவதி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணாச்சி, ப்ளக்கு உங்க தோள்ல தொங்குது. கரண்டே வந்தாலும் அது எந்த வழியா கிரைண்டருக்கு வரும்?"

ஆவுடையப்பன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "கண்ணுக்கே தெரியாம வர்றது, உன்கிட்ட வழி கேட்டுட்டா வரும்?"

செண்பகவடிவுக்குப் புதுக் கவலை வந்தது. குழாயை மூடினாலும் கொஞ்ச நேரம் சொட்டுகிறதே, அதுபோலக் காலையில் வந்த கரண்டு கொஞ்சம் வயருக்குள் தங்கியிருந்தால்? குற்றாலம் வயரைத் தூக்கிப் பிடித்து கட்டிலோரமாக மூன்று உதறு உதறினான். ஒன்றும் விழவில்லை. ஆனாலும் அந்த இடத்தில் யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று செண்பகவடிவு ஒரு முறத்தைக் கவிழ்த்து மூடினாள்.

"அக்கா, சாயங்காலம் கரண்டு வந்ததும் எங்க கிரைண்டர்ல ஆட்டிக்கோங்களேன்" என்றாள் பகவதி. உண்மையான அன்போடுதான் சொன்னாள்.

செண்பகவடிவின் முகம் சுருங்கியது. நாளைக்குப் பூரணம் முதல் இட்லியைப் பிய்க்கும்போதே, "பகவதி வீட்டு மாவு நல்லா இருக்கு மதினி" என்பாள். புது மாப்பிள்ளை முன்னால். அந்தப் பேச்சு அவனுடைய பிள்ளைகளின் கல்யாணம் வரைக்கும் வரும். அவளுக்குக் கண் கலங்கியது. "வேண்டாம் பகவதி. நாங்களே பாத்துக்கிடுதோம்" என்றாள். சொன்ன குரலில் ஈரம் இருந்ததால், கையால் தொட்டால் கரண்டு அடிக்குமோ என்று குற்றாலம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

காத்திருந்தார்கள். அரிசி ஊறியது. உளுந்து ஊறி ஊறிப் பாத்திரத்துக்கு மேலே எட்டிப்பார்த்தது. செண்பகவடிவு எழுந்துபோய் முகர்ந்து பார்ப்பாள், தண்ணீரை மாற்றுவாள், திரும்பிவந்து காலைத் தூக்கிக்கொண்டு உட்காருவாள். குற்றாலம் பொழுது போகாமல் டெஸ்டரை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தான். குடத்தில் வைத்தான், காலண்டரில் வைத்தான், தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் காதில் வைத்தான். எங்குமே எரியவில்லை. "வீட்டுல பொதுவா எதுவுமே இல்லை மதினி" என்று அறிவித்தான்.

"அதை உங்க அக்கா பூரணம், மக கல்யாணத்துலயே சொல்லிட்டா" என்றாள் செண்பகவடிவு.

பொழுது சாய்கிற நேரத்தில் தெரு முழுக்க "ஓ" என்று ஒரு சத்தம். மின்விசிறி மெதுவாக அசைந்து சுற்றியது. குற்றாலம் பாயிண்டில் வைத்த டெஸ்டர் சிவப்பாகப் பளிச்சென்று எரிந்தது. மூன்று பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். காலையிலிருந்து காத்திருந்த கரண்டு!

"அணைடா!" என்றார் ஆவுடையப்பன்.

குற்றாலம் ஓடிப்போய் மெயினை அணைத்தான். டெஸ்டர் எரியவில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு. இவர்கள் வீட்டில் மட்டும் கும்மிருட்டு. அதைப் பார்த்து அவர்களுக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி முடியாது.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆவுடையப்பன் பழைய வயரைக் கழற்றினார். எந்த நிறம் எந்த இடத்தில் இருந்ததோ அதே நிறத்தை அதே இடத்தில் வைத்து முடுக்கினார். இந்த ஒரு வேலையை மட்டும் எப்படி அவ்வளவு சரியாகச் செய்தார் என்று அந்தத் தெருவில் இன்றைக்கும் யாருக்கும் விளங்கவில்லை. அவருக்கும்தான்.

செண்பகவடிவு ஆசையோடு தாவீதுக்குப் போன் போட்டாள். "மாத்தியாச்சுப்பா! ஒரு ஷாக்கு இல்லை!"

"நெசமாவா?" என்றான் தாவீது. பயம் குறையவில்லை போலிருக்கிறது. "அத்தை, எதுக்கும் நான் வந்து பாக்கிற வரைக்கும், மெயின் ஆன்ல இருக்கும்போது அந்தக் கிரைண்டரைத் தொட்டுராதீங்க. ஆமா, சொல்லிட்டேன்."

செண்பகவடிவு கடைசி முடிச்சைப் போட்டாள். இருட்டில் மூன்று பேரும் யோசித்தார்கள்.

"மெயின் ஆன்ல இருந்தா கிரைண்டரைத் தொடக் கூடாது" என்றார் ஆவுடையப்பன்.

"தொடாம எப்படி ஆட்டுறது? மாவைத் தள்ளிவிடணுமே."

"அப்ப மெயினை அணைச்சுட்டுத் தொட்டா?"

"தொடலாம்னு ஆகுது."

"தாவீது வெவரமான பையன்" என்றான் குற்றாலம்.

அப்புறம் நடந்ததைத் தெருவில் யாரும் பார்க்கவில்லை. இருட்டாக இருந்ததால்தான் பார்க்கவில்லை. கட்டில் மேல் கிரைண்டர். அந்தப் பக்கம் ஆவுடையப்பன், இந்தப் பக்கம் குற்றாலம். ஆளுக்கு ஒரு செருப்போடு, இருவரும் தொட்டியைக் கையால் பிடித்துச் சுற்றினார்கள். அவர் தள்ளினால் இவன் இழுப்பான், இவன் தள்ளினால் அவர் இழுப்பார். கட்டில் கிறீச் கிறீச் என்று கத்தியது. நடுவில் செண்பகவடிவு காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து, மாவை வழித்து வழித்துத் தள்ளினாள். உளுந்து பொங்கப் பொங்க அரைந்தது. ஒரு தடவைகூடக் கரண்டு அடிக்கவில்லை. அவள் வாழ்க்கையிலேயே கவலைப்படாமல் மாவாட்டியது அன்றைக்குத்தான்.

விடிந்தது. பூரணம் மகளோடும் மருமகனோடும் வந்தாள். கூடத்தில் மின்விசிறி ஓடவில்லை. தொட்டியில் இன்னும் கொஞ்சம் மாவு மிச்சம் இருந்ததால் மெயினைப் போடவில்லை. குற்றாலம் முறத்தால் மாப்பிள்ளைக்கு விசிறிக்கொண்டு நின்றான். இலையில் இட்லி வந்து விழுந்தது. பூப்போலத்தான் இருந்தது.

பூரணம் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். செண்பகவடிவு மூச்சையே நிறுத்திக்கொண்டாள்.

"மதினி" என்றாள் பூரணம் மெதுவாக. "இது கிரைண்டர் மாவு மாதிரி இல்லையே. கொஞ்சம்கூட சூடு ஏறலை. எங்கம்மா காலத்து மாவு மாதிரி இருக்கு. கையால ஆட்டினீங்களா?"

"கிரைண்டர்ல ஆட்டினதுதான்" என்றாள் செண்பகவடிவு. காது வரை சிரிப்பு.

புது மாப்பிள்ளை பத்தாவது இட்லி கேட்டான். செண்பகவடிவு அப்படியே மிதந்தாள். அந்த மிதப்பில், நேற்று நடந்ததை முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். பகவதிக்கு வேலையே வைக்கவில்லை.

பூரணம் கை கழுவக் கொல்லைக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு அவள் குரல் கேட்டது.

"ஏ மதினி, இங்க வாங்க! ஆட்டுக்கல்லு இங்க குத்துக்கல்லாட்டம் கிடக்கே! நேத்து செருப்பைக்கூட இது மேலதானே காயவச்சீங்க? இதுல ஆட்டியிருந்தா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிருக்குமே!"

செண்பகவடிவு கொல்லைக்கு வந்தாள். ஆட்டுக்கல்லை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். குனிந்து அடியில் தடவிப் பார்த்தாள். குற்றாலம் பின்னாலேயே வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று டெஸ்டரை அதன் மேல் வைத்துப் பார்த்தான்.

"என்ன பூரணம், இப்படிப் பேசுதே?" என்றாள் செண்பகவடிவு. நாத்தனாரின் அறியாமையை நினைத்து அவளுக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாக இருந்தது. "இதுக்கு வயரும் இல்லை, ப்ளக்கும் இல்லை. எந்த மெயினை அணைச்சுட்டு இதைத் தொடுறது?"